நாற்பது நொடி ஓட்டை

மானிட்டரில் உறைந்து நின்ற தங்கையின் தாடையில் ஒரு தழும்பு இருந்தது. கீழுதட்டுக்குச் சற்றுக் கீழே, இடப் பக்கமாக, நகத்தால் கீறிவிட்ட பிறை போல. அவளுக்கு அப்படி ஒரு தழும்பு இருந்ததே கிடையாது.

அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். இருந்தது. “சனியனே, உன்னை யாரு இதைச் செய்யச் சொன்னா?” என்று கம்ப்யூட்டரைத் திட்டினான். காலையிலிருந்து அவனிடம் திட்டு வாங்கிய ஏழாவதோ எட்டாவதோ அது. தொழில் வட்டாரத்தில் அவனுக்குக் கடுகு என்று பெயர். எண்ணெய் காய்கிறவரைக்கும்கூடக் காத்திருக்காமல் வெடிக்கிற கடுகு என்று சேர்த்துச் சொல்வார்கள், அவன் காதில் விழாத தூரத்தில்.

வீட்டின் முன்னறைதான் கடை. பழைய வீடியோ கேசட், விசிடி என்று எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் டிவிடியாக மாற்றித் தருவான். திரையில் வெளிச்சம் விழக்கூடாது என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தான். உச்சி வெயிலிலும் அந்த அறைக்குள் பொழுது எதுவென்று தெரியாது. சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், மின்விசிறி கிளப்பும் தூசி வாடையும், சிடி துடைக்கிற ஸ்பிரிட் வாடையும் கலந்து வருகிறவர்களின் தொண்டையைப் பிடிக்கும். டிரைவ் சுழன்று, தேடி, திணறி, மறுபடி சுழல்கிற சத்தம் மட்டும் அவனுக்குத் தன் மூச்சைப் போலப் பழகியிருந்தது. சுவரில் கொட்டை எழுத்தில் ஒரே ஓர் அறிவிப்பு: ‘ஓட்டை இருந்தால் ஓட்டையாகவே கொடுக்கப்படும். இல்லாததை நிரப்பித் தர மாட்டோம்.’

அது அவனுக்கு வேதம். விசிடியில் இருக்கும் படத்தைத் தொடாமல் அப்படியே டிவிடியில் ஏற்ற முடியும். ஒலியை மட்டும் டிவிடிக்கு ஏற்றபடி மாற்றினால் போதும், படத்தின் தரம் ஒரு பொட்டுக் குறையாது. இது தெரியாத அரைவேக்காடுகள் சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி, மறுபடி சுருக்கி, பளபளப்பாக்குகிறேன் என்று மூக்கையும் முழியையும் வழித்துப் போட்டுவிட்டு ‘சூப்பரா வந்திருக்கு சார்’ என்று பல்லிளிப்பார்கள். ஒரு தடவை போன தரம் போனதுதான், எந்தக் கொம்பனாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று வருகிறவர்களிடமெல்லாம் கத்திக் கத்தியே அவன் குரல் கரகரத்துப் போயிருந்தது.

இப்போது அவனே உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தான்.

எல்லாம் மாப்பிள்ளையால் வந்தது. தங்கையின் கணவனை நினைத்தாலே கடுகுக்கு நெற்றி நரம்பு புடைக்கும். வீட்டில் எல்லோருக்கும் ‘வாலு’வாக இருந்த தங்கை, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய் ஐந்தாம் நாள் இல்லாமல் போனாள். ஆறு வருடம் ஆகிவிட்டது. அவள் நடந்து, பேசி, சிரிக்கிற படமாக மிஞ்சியிருந்தது, பதினெட்டு வருடத்துக்கு முன் கல்லூரிக் கடைசி நாள் விழாவில் எடுத்த விசிடி ஒன்றுதான். அதை அந்த மகானுபாவன் காரின் முன்கண்ணாடிக்கு அடியில், கொளுத்துகிற வெயிலில், ஒரு உறைகூட இல்லாமல் ஆறு வருடம் போட்டு வைத்திருந்தான். காரை விற்கும்போதுதான் கண்ணில் பட்டதாம். கடுகு அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது வெள்ளிப் பூச்சு பெயர்ந்த ஊசித் துளைகள் வழியே டியூப்லைட் தெரிந்தது.

தன்னிடமிருந்த மூன்று டிரைவ்களில் பழையதை எடுத்து, ஆகக் குறைந்த வேகத்தில் வைத்து, நான்கு நாள் அந்த சிடியைப் படிக்க வைத்தான். ஐம்பத்திரண்டு நிமிடமும் வந்துவிட்டது, பதினோராவது நிமிடத்தில் ஒரு நாற்பது நொடியைத் தவிர. அந்த நாற்பது நொடியில்தான் வாலு மேடையேறி மிமிக்ரி செய்தாள். வீட்டில் அண்ணன் எப்படிக் கத்துவான் என்று செய்து காட்டினாள்.

அன்றைக்கு அவன் விழாவுக்குப் போகவில்லை. ஏதோ சண்டை, என்ன சண்டை என்பதுகூட மறந்துவிட்டது. அரங்கமே விழுந்து விழுந்து சிரித்ததாகவும், கடைசியில் அவள் அண்ணனைப் பற்றி ஏதோ ஒன்று சொல்ல எல்லோரும் கப்சிப்பென்று ஆகிவிட்டுப் பிறகு கை தட்டியதாகவும் கேள்விப்பட்டான். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கியவளின் சிடியைத் தொடக்கூட மாட்டேன் என்று வீம்பு பிடித்தான். அவள் இருந்தவரை பார்க்கவில்லை. இப்போது ஆசை ஆசையாகப் பார்க்க உட்கார்ந்தால் அவளுக்கு வாய் இல்லை. படிக்க முடியாத இடம் வந்தால் பக்கத்தில் இருப்பதை எடுத்து ஒட்டி மறைத்துவிடுவது இந்தக் கருவிகளின் புத்தி. கண்ணும் நெற்றியும் அப்படியே இருக்க, மூக்குக்குக் கீழே மேடைத் திரையின் சிவப்பு மடிப்புகள் சதுரம் சதுரமாக வந்து அடைத்துக்கொண்டிருந்தன. குரலின் இடத்தில் ஒரு நீண்ட உறுமல்.

நேற்று சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தான். “முழுசா வரலேன்னா விடுங்க மச்சான். அவ முகம் கொஞ்சம் தெரிஞ்சா போதும் எனக்கு.”

போதுமாம். கடுகுக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. “உனக்குப் போதும்டா, உனக்கு எதுதான் போதாது? ஒரு பொட்டுக் குறையாம எடுத்து உன் மூஞ்சியில விட்டெறியறேன், பாரு” என்று கத்திவிட்டு வைத்தான். வைத்த சூட்டில்தான், இல்லாததை நிரப்பித் தருகிற, இத்தனை வருடம் அவன் தொடாத ஒரு மென்பொருளை இறக்கினான். ஓட்டையை அடைப்பதற்கு அது மாதிரிக்கு ஒரு படம் கேட்டது. அதே சாயலில் யாராவது பேசுகிற வீடியோ இருந்தால் கொடு என்றது.

இருந்தது. பத்து வயது மகள் சிட்டு அத்தையை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருப்பாள். போன மாதம் அவளும் சமையலறை வாசலில் நின்று இடுப்பில் கை வைத்து அப்பா கத்துவதைச் செய்து காட்ட, அவன் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு போனில் எடுத்திருந்தாள். நல்ல வெளிச்சம், தெளிவான குரல், ஒரு நிமிடம். அதைக் கொடுத்து ராத்திரி முழுக்க ஓடவிட்டான். விடிந்ததும் திறந்து பார்த்தால் தங்கைக்கு வாய் வந்திருந்தது. கூடவே தழும்பும் வந்திருந்தது.

அது சிட்டுவின் தழும்பு. ஐந்து வயதில் சைக்கிளோடு வாசற்படியில் விழுந்து மூன்று தையல் போட்டது. மென்பொருள் ஈயடிச்சான் காப்பி அடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். தழும்பைச் சுற்றி ஒரு கோடு போட்டு இது வேண்டாம் என்று அழித்துவிட்டு இரண்டாவது சுற்றை ஓடவிட்டான்.

கதவு திறந்தது. கூடத்து வெயில் ஒரு பாளமாக மானிட்டரின் மேல் விழுந்து தங்கையின் முகத்தை அடித்துக்கொண்டு போனது.

“அப்பா, பசிக்கு—”

“கதவைச் சாத்து! வேலை பாக்கும்போது உள்ள வராதேன்னு எத்தனை தடவை சொல்றது?”

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. மணி பதினொன்று.

ஒன்றரை மணிக்கு அவனுக்கே பசித்து வெளியே வந்தான். கூடத்தின் வெளிச்சத்தில் கண் கூசியது. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல் டியூட்டிக்குப் போகிறவள் சமைத்து மூடி வைத்திருந்த சோற்றில் இன்னும் யாரும் கை வைக்கவில்லை. பள்ளி விடுமுறை. சிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, மஞ்சள் பூப் போட்ட திரைச்சீலையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். அவனுக்கு மனசு உறுத்தியது. தட்டில் சோறு போட்டு அவள் முன்னால் வைத்தான்.

“கோவமா?”

“இல்ல.”

“பின்ன ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கே?”

நிமிர்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் முழுதாக அவள் முகத்தில் விழுந்தது. தாடை வழவழவென்று இருந்தது. கீழுதட்டுக்குக் கீழே, இடப் பக்கம், ஒன்றுமே இல்லை. அவன் கட்டை விரலால் தடவிப் பார்த்தான். எப்போதும் தட்டுப்படுகிற அந்தச் சின்ன மேடு இல்லை. விரலில் அவள் தோல்கூடச் சரியாகப் படாத மாதிரி, கண்ணாடியைத் தொட்ட மாதிரி இருந்தது.

“தழும்பு எங்கடி?”

“இருக்குதே” என்று தானும் தடவிப் பார்த்தாள். எழுந்து கண்ணாடி முன்னால் ஓடினாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “ஐ! போயிடுச்சுப்பா!” என்று குதித்துக்கொண்டு வந்தாள்.

அவன் மனைவியைப் போனில் பிடித்தான். “அவ மூஞ்சியில என்னத்தைத் தடவினே நீ?”

“எடுத்ததுமே கத்தாதீங்க. இங்க ரெண்டு பேர் வேலையை ஒத்தை ஆளா பாத்துட்டிருக்கேன். என்ன ஆச்சு?”

“தழும்பைக் காணோம்.”

“மூணு தையல் போட்ட தழும்பு எந்தக் கிரீமுக்குங்க போகும்? ராத்திரியெல்லாம் அந்த டிவியையே முறைச்சுப் பாத்துட்டிருந்தா கண்ணு இப்படித்தான் ஆகும். போய்ப் படுங்க கொஞ்ச நேரம்.” வைத்துவிட்டாள்.

பயம் வருகிற இடத்திலெல்லாம் கோபப்பட்டுக்கொள்வது அவனுக்கு வசதியாக இருந்தது. கோபத்தில் கை நடுங்கினால் கேட்க ஆளில்லை. மனைவியையும் மாப்பிள்ளையையும் வாய்க்குள் திட்டியபடி, சோற்றைப் பிசைந்து பாதியில் வைத்துவிட்டு இருட்டறைக்குத் திரும்பினான்.

இரண்டாவது சுற்று முடிந்திருந்தது. தங்கையின் தாடை சுத்தமாக இருந்தது. அவன் சொன்னபடியே தழும்பு போய்விட்டது. அவன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். இங்கே அழித்தாயிற்று, ஆனால் அங்கே திரும்பிப் போகவில்லை. இரண்டு பேரிடமும் இல்லை. தொழிலில் இதைத்தானே ஊருக்கெல்லாம் கத்திச் சொன்னாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. சீ, பைத்தியக்காரத்தனம் என்று அதன் வாயை அடைத்தான்.

படத்தை மெதுவாக ஓட்டினான். வாலு மேடையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நெற்றியைச் சுருக்கி, விரலை நீட்டி, வாயைத் திறந்தாள். மேல் வரிசையில் ஓரமாக ஒரு பல் பாதி முளைத்திருந்தது. இருபத்தோரு வயசுப் பெண்ணுக்கு. நிழல், என்று சொல்லிக்கொண்டான். நிழல்தான். வாய் வந்துவிட்டது, இனிக் குரல் மட்டும்தான் பாக்கி. அதையும் ஏற்றி, இன்றைக்கே டிவிடி போட்டு, நேரே போய் அந்த ஆளின் மூஞ்சியில் எறிந்துவிட்டு வந்தால்தான் நெஞ்சு ஆறும்.

மூன்றாவது சுற்றை அழுத்தினான். எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டுகிற எண் ஒன்றிலிருந்து ஏறத் தொடங்கியது. டிரைவ் சுழன்று, தேடி, திணறி, மறுபடி சுழன்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே நாற்காலியில் சாய்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. சிடியை நேற்றே வெளியே எடுத்து டப்பாவில் வைத்துவிட்டான். டப்பா அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. திறந்தான். சிடி உள்ளே இருந்தது. டிரைவ் காலி. காலியாகச் சுழன்றுகொண்டு, எதையோ ஒவ்வொரு பொட்டாக, நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தது.

போன் அதிர்ந்தது. மாப்பிள்ளை.

“மச்சான், கோவப்படாம கேளுங்க. நேத்து நான் சொன்னது தப்புதான். வெயில்ல போட்டதும் தப்புதான். பார்க்க மனசு வராம கைக்கெட்டுற இடத்துலயே வெச்சிருந்துட்டேன். அந்த நாற்பது நொடி வரலேன்னாலும் பரவாயில்ல, நான் அன்னிக்கு அங்க முன் வரிசையிலதான் இருந்தேன். கடைசியில உங்களைப் பத்தி அவ என்ன சொன்னான்னா—”

“உன்கிட்டே கேட்டுத் தெரிஞ்சுக்கிற நிலைமை எனக்கு இன்னும் வரலடா!”

துண்டித்தான். போனை மேசையில் கவிழ்த்து அறைந்தான். காது சூடாக இருந்தது. பதினெட்டு வருடம் தெரியாமல் இருந்தாயிற்று, இந்த ஆள் வாயால் தெரிய வேண்டியதில்லை. ஹெட்போனை எடுத்து மாட்டினான்.

முதலில் உறுமல் மட்டும் கேட்டது. பிறகு உறுமலுக்குள்ளிருந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல, ஒரு குரல் மேலே வந்தது. மெல்லிய குரல். பெரியவர்களைப் போலக் கரகரப்பாக்கிக்கொண்ட குழந்தைக் குரல். அரங்கம் சிரித்தது. குரல் தெளிந்தது.

“கதவைச் சாத்து!”

அவன் உதட்டில் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. அவன்தான். அச்சு அசல் அவனே. வீட்டில் அவன் கத்தாத நாள் உண்டா?

“வேலை பாக்கும்போது உள்ள வராதேன்னு எத்தனை தடவை சொல்றது?”

சிரிப்பு அப்படியே நின்றது.

கல்லூரி விழாவன்று அவனுக்கு வேலை இல்லை. கடை இல்லை. இந்த அறை இல்லை. சிட்டுவின் போன் வீடியோவிலும் இது கிடையாது. அதில் அவள் செருப்பை வாசலில் விடச் சொல்லித்தான் கத்துவாள். அவன் அதை நேற்றிலிருந்து நூறு தடவை பார்த்துவிட்டான். இந்த வார்த்தைகளை இதே வரிசையில் அவன் சொன்னது இன்று காலை. பதினொரு மணிக்கு. அந்தக் கதவைப் பார்த்து.

ஹெட்போனைக் கழற்றினான். வீடு அமைதியாக இருந்தது. மிக அமைதியாக. விடுமுறை நாளில் சிட்டு வாய் மூடி இருக்கவே மாட்டாள். பாடுவாள், பொம்மையிடம் பேசுவாள், தெருவில் போகிற ஐஸ்காரரைக் கூப்பிடுவாள். ஒன்றுமில்லை. டிரைவ் மட்டும் சுழன்றது.

“சிட்டு?”

கதவைத் திறந்தான். வெயில். அவள் ஜன்னலோரம் அதே இடத்தில், திரைச்சீலையை ஒட்டி, அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோறு காய்ந்திருந்தது.

“கூப்பிடறேன்ல? வாயில என்ன?”

தலை மட்டும் திரும்பியது. ஒரு கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்கள் அகன்றிருந்தன. கைக்கு மேலே தெரிந்தது அவள் கண்தான், நெற்றிதான், கலைந்த முன்முடிதான். ஆனால் தலை திரும்பி முடித்த பிறகுதான் அவள் முகம் திரும்பியது. ஒரு இமைப்பொழுது தாமதமாக.

“பல்லு வலிக்குதா? பேசும்மா.”

தோள்கள் குலுங்கின. அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. மூக்கு விடைத்தது, கண்ணில் நீர் கோத்து வழிந்தது. சத்தம் இல்லை. விம்மல் இல்லை. மூச்சுக்கூடக் கேட்கவில்லை. அவள் அழுகிற சத்தம் அவனுக்குப் பின்னாலிருந்து வந்தது. இருட்டறைக்குள்ளிருந்து. மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து, மெலிதாக.

ஓடினான்.

மானிட்டரில் எண் அறுபத்தொன்றில் நின்றது. அறுபத்திரண்டு. திரையில் வாலு. அவள் வாய் இப்போது முழுசாக, அழகாக, ஈரத்தோடு இருந்தது. ஒவ்வொரு பல்லும் தெரிந்தது. அத்தனை தரமான படத்தை அவன் வாழ்நாளில் விசிடியில் பார்த்ததில்லை. ஒரு பொட்டுக் குறையவில்லை. நிறுத்து என்று அழுத்தினான். ஒரு பெட்டி வந்து நின்றது.

‘பாதியில் நிறுத்தினால் இதுவரை எடுத்தது சேமிக்கப்படாது. திரும்பவும் கிடைக்காது. நிறுத்தலாமா?’

அவன் ஒவ்வொரு நாளும் வாடிக்கையாளர்களிடம் சொல்கிற எச்சரிக்கைதான். ஓடும்போது பிடுங்காதே. அவசரப்பட்டுப் பிடுங்கினால் இரண்டும் கெட்டுப்போகும், இதுவும் இருக்காது, அதுவும் இருக்காது. இத்தனை வருடத்தில் எத்தனை பேரை இதற்காகத் திட்டித் தீர்த்திருப்பான்.

அவன் அந்தப் பெட்டியை முழுக்கப் படிக்கவில்லை. கோபம் கண்ணை மறைத்தது. நாலு நாள் பொறுமை, ஆறு வருடத் துக்கம், பதினெட்டு வருட வீம்பு, எல்லாம் சேர்ந்து தலைக்கேறியது. “எம்பொண்ணைக் குடுடா நாயே!” என்று கத்திக்கொண்டே மேசைக்கு அடியில் குனிந்து, பின்னிக் கிடந்த ஒயர்களை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து, சுவரிலிருந்து பிடுங்கினான்.

இருட்டு.

திரை அணைந்தது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. வியர்வை காதோரம் வழிந்தது. அவன் தரையில் மண்டியிட்டபடி, ஒயர்களைப் பிடித்தபடி, மூச்சு வாங்கினான். முடிந்தது. பிடுங்கியாயிற்று. போனது போகட்டும். தங்கைக்கு ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும். சுவரில் எழுதியிருப்பது சரிதான். அவனுக்குத்தான் புத்தி கெட்டுப்போனது.

கதவு திறந்தது.

வெயில் பாளம் தரையில் விழுந்தது. அதன் நடுவில் ஒரு சின்ன நிழல். சிட்டு வாசலில் நின்றாள். வாயைப் பொத்திய கையை இன்னும் எடுக்கவில்லை.

“ஒண்ணுமில்லடா. எல்லாம் நிறுத்திட்டேன். அப்பா இருக்கேன்ல?”

அவள் அசையவில்லை.

“கையை எடு. பாக்கலாம்.”

தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று.

“கையை எடும்மா.”

மாட்டேன்.

“எடுன்னு சொல்றேன்ல!”

கத்திவிட்டான். கத்திய பிறகுதான் தெரிந்தது. கத்தியிருக்கக் கூடாது. அவன் கத்தினால் அவள் எப்போதும் சொன்னபடி செய்துவிடுவாள்.

கையை எடுத்தாள்.

கண் இருந்தது. மூக்கு இருந்தது. மூக்குக்குக் கீழே மஞ்சள் பூ. கூடத்து ஜன்னல் திரைச்சீலையின் மஞ்சள் பூ, அதன் பச்சை இலை, அதன் மடிப்பு, மடிப்பின் நிழல். சதுரம் சதுரமாக. கன்னத்திலிருந்து கன்னம்வரை, தாடைவரை. விளிம்பு பிசகாமல், ஒரு நூல் இடைவெளி இல்லாமல். பக்கத்தில் இருந்ததை எடுத்து அடைத்திருந்தது.

பூவின் மேல் கண்ணீர் வழிந்து இறங்கியது. வெளியே காற்று அடித்து ஜன்னல் திரைச்சீலை அசைந்தது. அவள் முகத்தில் இருந்ததும் அசைந்தது.

அவன் பிடித்திருந்த ஒயர்களைக் கீழே போட்டான்.

அவனுக்குப் பின்னால், ஒயர் பிடுங்கிய மேசையின் மேல், டிரைவ் சுழலத் தொடங்கியது. தேடியது. திணறியது. மறுபடி சுழன்றது. செத்துக் கிடந்த ஹெட்போனில் அரங்கம் சிரித்தது, அலை அலையாக. சிரிப்பு அடங்கியதும் அவன் மகளின் குரல், தெளிவாக, ஒரு பொட்டுத் தரம் குறையாமல், அவனைப் போலவே கத்தியது.

“கதவைச் சாத்து!”

சிட்டு திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தாள். எப்போதும் போலக் கீழ்ப்படிந்தாள். சின்னக் கையால் கதவைப் பிடித்து, சத்தம் வராமல், மெதுவாகத் தன் பக்கமாக இழுத்துச் சாத்தினாள்.